கைதட்டக் கூடாத இடம்

மறுபடியும் பால் டிப்போவுக்கே வந்துவிட்டான். டவுட்டனில் திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை, நேரே போய்விட்டான், இதோ அதே நாலு சுரங்கள் மேலேயிருந்து ஒவ்வொரு படியாக இறங்குகின்றன, இதோ இடது கை வந்து கீழே தாங்கிக்கொள்கிறது, எவ்வளவு அழகாகத் தாங்குகிறது, முதல் தடவை கேட்டபோது எனக்கே கண் கலங்கியது, இரண்டாம் தடவை கேட்டபோது இது சுரப் புத்தகத்தில் உள்ளதுதான் என்று நிம்மதியாக மூச்சு விட்டேன், இது மூன்றாம் தடவை, மூன்றாம் தடவை புத்தகத்தில் இல்லை. அது இந்த எழும்பூர் அரங்கில் எனக்கு மட்டும்தான் தெரியும். முன்வரிசையில், மேடைப் படிக்குப் பக்கத்து நாற்காலியில், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிற ஜெமிமாவாகிய எனக்கு, அங்கே பியானோவுக்கு முன்னால் முதுகை வளைத்துக்கொண்டிருக்கிற ஆசீர் தேவபாலனின் ஒரே தங்கைக்கு. மற்ற எல்லாரும் ரசித்துக்கொண்டிருக்கிறார்கள். ரசிக்கட்டும், அவர்கள் ரசிக்கிறவரைக்கும் பயமில்லை. அடுத்த சுற்றில் திரும்பிவிடுவான். இவ்வளவு காலமும் திரும்பியவன்தானே. தலைக்கு மறந்தாலும் விரலுக்கு மறக்காது, கடைசிவரை விரலில் நிற்கும் என்று அவன் மறதிக்குக் காட்டிய டாக்டரே சொன்னாரே. சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல் மேஜைமேல் கிடந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நல்ல சேதி சொல்கிறவர் பேனாவையா பார்ப்பார்.

பால் டிப்போ, சர்ச் மதில், டவுட்டன் முனை எல்லாம் எங்கள் தெருவை வைத்து இந்தப் பாட்டுக்கு அம்மா வைத்த பெயர்கள். வேப்பேரியில் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்துத்தான் அம்மா எங்கள் இருவரையும் வளர்த்தாள். எனக்கும் சொல்லிக் கொடுத்தாள், என் விரல் ஞாயிற்றுக்கிழமைக் கீர்த்தனைகளோடு நின்றுவிட்டது. அண்ணனுடைய விரல் நிற்கவில்லை. இந்த மெதுவான பாகம் நீளமாக இருக்கிறது, ஞாபகம் வைக்க முடியவில்லை என்று அவன் ஒருநாள் அழுதான், அம்மா புத்தகத்தை மூடிவிட்டு அவன் கையைப் பிடித்துத் தெருவில் கூட்டிப்போனாள், பின்னாலேயே நானும் ஓடினேன். இதுதான் வாசல், முதல் சுரம். இது பால் டிப்போ, இங்கே இறங்கணும். இது சர்ச் மதில், நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும், அவசரப்படக் கூடாது. "ஏலே, மொதத் தடவ டவுட்டன் வந்தா நேராப் போ, ஊரச் சுத்திட்டு வா. ரெண்டாந் தடவ வந்தா திரும்பிரு. வீடு வந்துரும்." அவ்வளவுதான் பாடம். கல்யாணமாகி இந்தப் பட்டணத்துக்கு வந்து எத்தனை வருஷமாகியும் பாளையங்கோட்டைப் பேச்சை விடாதவள் அம்மா. டவுட்டன் என்பது இடது கைச் சுண்டுவிரல் வெள்ளைக் கட்டையில் விழாமல் பக்கத்துக் கறுப்புக் கட்டையில் விழுகிற இடம், வேறொன்றும் இல்லை, அரை அங்குலம். விழுந்தால் வீடு. விழாவிட்டால் மறுபடியும் பால் டிப்போ. அன்றைக்கே பாட்டு அவனுக்கு வந்துவிட்டது. அப்புறம் அவனைப் பியானோவிலிருந்து எழுப்புவதுதான் பெரும்பாடு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதில் விழாது. சமையலறையிலிருந்து அம்மா கை தட்டுவாள், இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு. சோறு ஆறுகிறது, வா என்று அர்த்தம். அதற்கு மட்டும் அடங்குவான், சுரம் பாதியில் தொங்கினாலும் விட்டுவிட்டு மூடியைச் சாத்திவிட்டு வந்து தட்டின் முன் உட்காருவான். வெளிநாடெல்லாம் போய்ப் பெயர் வாங்கி வந்த பிறகும் அம்மா இருந்தவரை அப்படித்தான். சாப்பாட்டை ஏன் இப்போது நினைக்கிறேன், சர்ச் மதில் வந்துவிட்டது, மதிலோரமாக நடக்கிறான், எவ்வளவு நிதானம், தப்பாகப் போகிறோம் என்று தெரிந்தவன் இப்படி நடக்க மாட்டான், தெரியாதவன்தான் இப்படி நடப்பான்.

திரும்பு அண்ணே. கறுப்புக் கட்டை. சுண்டுவிரல். திரும்பவில்லை. நான் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடினேன், மூடிய கண்ணுக்குள்ளும் நாலு சுரம் இறங்கியது. பக்கத்தில் அண்ணனுடைய பழைய ரசிகர் ஆராவமுதன் சார் "ஆஹா" என்றார், சத்தமில்லாமல், மூச்சாக. அவருடைய வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பியானோவுக்குத் தாளம் போடாதீர்கள் என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது, அந்தக் கை கேட்காது, மயிலாப்பூர்க் கை, பிறந்ததிலிருந்து கச்சேரி கேட்ட கை. என் பக்கம் சாய்ந்து, "கவனிச்சேளோ? நிரவல் பண்றார்! ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எடுத்து எடுத்து வைக்கறார் பாருங்கோ. வெள்ளைக்காரன் சங்கீதத்துல நிரவல்! இதுக்குமுன்னாடி எவன் பண்ணியிருக்கான்?" என்றார். கண்ணில் தண்ணீர் நிற்கிறது மனிதருக்கு. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் சார், நிரவல்தான். உங்கள் வாயில் சர்க்கரையைப் போட வேண்டும். அப்படியே பின்வரிசைக்கும் சொல்லுங்கள், எல்லாருக்கும் சொல்லுங்கள், நாளைக்குப் பேப்பரிலும் அப்படியே வரட்டும்.

இவர்களை ஏமாற்றுவது சுலபம் என்று சொல்ல மாட்டேன், இவர்கள் ஏமாறக் காத்துக்கொண்டிருப்பவர்கள், அன்பு வைத்தவர்கள் எல்லாரும் அப்படித்தான். தேவபாலன் ரசிகர் வட்டம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை யார் வீட்டிலாவது கூடி அவன் ஒலிநாடாக்களைக் கேட்பார்கள், அதில் எங்கே இருமினான், எங்கே நாற்காலி கிறீச்சிட்டது என்று கூடத் தெரியும். வாசிக்கும் முன் கைக்குட்டையால் கட்டைகளைத் துடைக்கிறானே, அது அவன் ஜெபம் என்று ஒருத்தர் கட்டுரையே எழுதினார். வேப்பேரித் தூசிக்குப் பயந்து அம்மா போட்ட சட்டம் அது, துடைக்காமல் தொட்டால் புறங்கையில் விழும். போன மாதம் ஒரு பெண் பேட்டி எடுக்க வந்தாள். அவள் கேட்ட மூன்று கேள்விக்கும் அண்ணன் ஒரே பதிலைச் சொன்னான், ஒரு சொல் கூட மாறாமல். நான் காபித் தம்ளரோடு கதவோரம் நின்றுவிட்டேன். எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே உண்மைதான் விடை என்பதை மாஸ்டர் புரியவைத்தார் என்று எழுதியிருந்தாள். சிரித்தேன், அப்புறம் குளியலறைக்குப் போய் அழுதேன். ஆனால் இவர்களைக் கேலி செய்ய எனக்கு வாயில்லை. அம்மாவைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்த அன்று கொட்டுகிற மழையில் அண்ணன் தலைக்குமேல் குடை பிடித்து நின்றது இந்த ஆராவமுதன்தான், தான் முழுக்க நனைந்துகொண்டு. இதோ இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிற சுவர்ணலதா பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்தவள், வேலையில் லீவு கிடைக்காமல் சண்டை போட்டு வந்தேன் ஆன்ட்டி என்றாள். இவர்கள் இல்லாவிட்டால் அண்ணன் ஏது. இவர்கள் இல்லாவிட்டால் அவன் இப்படி மாட்டிக்கொண்டிருக்கவும் மாட்டான்.

புத்தகம் என் பையில்தான் இருக்கிறது. புடவைக் கடைப் பையில் சுற்றிக் கொண்டுவந்தேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் திருப்புகிறேன் அண்ணே, பெரிய பெரிய ஆட்களெல்லாம் வயசானால் புத்தகம் வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறார்கள் என்று காலையில் இடியாப்பத்தைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னேன். அவன் இடியாப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான், சாப்பிடவில்லை. "பேப்பரப் பார்த்து வாசிக்கிறவனப் பார்க்கவா அவங்க இவ்வளவு தூரம் வர்றாங்க? அவங்களுக்கு நான் பேப்பர் இல்லாத ஆளு, ஜெமி." அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, நல்ல தெளிவோடு, பழைய அண்ணனாக, "இதான் கடைசி. இதுக்கப்புறம் வேணாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் பார்த்துக்கோ. மேடையில எனக்கு வழி தெரியாமப் போச்சுன்னா யாரும் வந்து என் கையப் புடிச்சு எறக்கிக் கூட்டிட்டுப் போகக் கூடாது. அவங்க அதப் பார்க்கக் கூடாது. அத மட்டும் விட்டுராத" என்றான். சரிண்ணே என்றேன். எப்படி என்று அவனும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. தேங்காய்ப்பால் ஊற்றட்டுமா என்று கேட்டேன். வாக்குக் கொடுப்பது வாய்க்கு எவ்வளவு லேசு. இப்போது யோசி ஜெமிமா, இப்போது உட்கார்ந்து யோசி. சர்ச் மதில். நீளமாகப் போகிறது. ஒரு பேச்சுக்கு, எழுந்து போய்ப் புத்தகத்தை அவன் முன் வைத்தால்? வைத்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நான் கீழே விழுந்தால்? விழுந்தால் நாலு பேர் என்னைத் தூக்க வருவார்கள், அவன் வாசித்துக்கொண்டே இருப்பான், அவன் காதில் எதுவும் விழாது.

டவுட்டன். வெள்ளைக் கட்டை. நேரே. எத்தனையாவது சுற்று என்று எண்ணுவதை விட்டுவிட்டேன், எண்ணினால் மற்றவர்களுக்கும் எண்ணத் தோன்றிவிடும் போல ஒரு பயம். இருமல் கேட்கிறது. இருமல் நல்லதல்ல. கேட்கிறவர்களின் இருமலுக்கு ஒரு மொழி உண்டு, முதலில் ஒருத்தர், பிறகு அவருக்குப் பதில் சொல்கிற மாதிரி இன்னொருத்தர். மேடையோரம் திரைக்குப் பக்கத்தில் நிற்கிற நிர்வாகி, சபாரி போட்டவர், கடிகாரத்தைப் பார்த்தார், உள்ளே யாரையோ பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் கையில் தண்ணீர் பாட்டில். ஐயையோ, தண்ணீர் கொடுக்க வரப்போகிறாரா. வந்து தோளைத் தொட்டு, சார், சார் என்பாரா. அண்ணன் நிமிர்ந்து யாரென்று தெரியாமல் பார்ப்பானே, முந்தாநாள் கேஸ் சிலிண்டர் போட வந்தவனைப் பார்த்தானே, குழந்தை மாதிரி, கடைத்தெருவில் கை விட்ட குழந்தை மாதிரி, அந்த முகத்தை இந்த விளக்கு வெளிச்சத்தில் எழுநூறு பேர் பார்ப்பார்களே. நான் திரும்பிப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. மூன்றாம் வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பையன், எங்கோ மியூசிக் டீச்சராக இருக்க வேண்டும், மடியில் டேப்லெட்டில் இந்தப் பாட்டின் புத்தகத்தைத் திறந்துவைத்துப் பின்தொடர்ந்துகொண்டிருக்கிறான். ஒரு பக்கம் தள்ளினான். திரும்பவும் பின்னால் தள்ளினான். புருவத்தைச் சுருக்கி மேடையைப் பார்த்தான், டேப்லெட்டைப் பார்த்தான். எனக்குத் தெரியும் அந்தப் பார்வை, கூட்டல் கணக்கு உதைக்கும்போது பார்க்கிற பார்வை. அப்புறம் அவன் முகம் மாறியது, பாவம், அவனும் ரசிகன்தானே, அவனுக்கும் நெஞ்சு பதறியிருக்கும், ஆனால் அவன் பக்கத்தில் இருந்த பெண்ணின் காதருகே குனியத் தொடங்கினான். குனியாதே தம்பி. சொல்லாதே. ஒரு காதுக்குப் போனால் போதும், தீக்குச்சிதான், பிறகு இந்த நிரவல் எல்லாம் எங்கே போகும், இந்த ஆஹா எல்லாம் எங்கே போகும், பாவம் என்பார்கள், ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டுவார்கள், என் அண்ணனைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள்.

ஆரம்பத்தில் இந்த ஊரில் அவன் வாசித்தபோது முதல் பாகம் முடிந்ததும் எல்லாரும் கை தட்டிவிட்டார்கள், கச்சேரிப் பழக்கம், நடுவில் பேஷ் பேஷ் என்று வேறு. அவன் நூல் அறுந்தவனாகப் பாட்டிலிருந்து வெளியே வந்து கட்டைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அவனுக்கு முன்னால் நான் மேடையேறி மைக்கைப் பிடித்து, தயவுசெய்து நடுவில் கை தட்டாதீர்கள், நாலு பாகமும் முடிந்து அவர் எழுந்து நின்ற பிறகுதான் தட்ட வேண்டும் என்று சொல்லிவந்தேன். யாராவது தட்டினால் திரும்பிப் பார்த்து உதட்டில் விரல் வைப்பேன். எனக்கு 'ஷ்' அம்மா என்று பெயர் வைத்ததே ஆராவமுதன்தான். அப்படி அடக்கி அடக்கி இவர்களை இப்போது தும்மலைக் கூட விழுங்குகிறவர்களாக ஆக்கிவைத்திருக்கிறேன். இன்று மாலையும் சொன்னேன். சொல்லிவிட்டு இறங்கும்போது சுவர்ணலதா சிரித்துக்கொண்டே உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். நானே தட்டினால் இனி இந்த முகத்தை வைத்துக்கொண்டு இவர்களிடம் எப்படி வருவேன் என்று ஒரு நொடி நினைத்தேன், ஒரு நொடிதான், சர்ச் மதில் முடியப்போகிறது, பையன் அவள் காதருகே வாயைக் கொண்டுபோய்விட்டான், சபாரிக்காரர் ஒரு காலை மேடையில் வைத்துவிட்டார், கைப்பை என் மடியிலிருந்து நழுவி விழுந்தது, என் கைகள் மேலே வந்துவிட்டன. இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு, இன்னொரு தட்டு. நான் நினைத்து அப்படித் தட்டவில்லை, வேறு மாதிரித் தட்ட எனக்குத் தெரியாது.

எழுநூறு பேரும் ஒரே வாயாக "ஷ்ஷ்ஷ்" என்றார்கள். ஆராவமுதன் என் கையைப் பிடித்தே விட்டார். "என்னம்மா பண்றேள்! நீங்களா! உயிர் போற எடம்மா அது!" முகம் சிவந்துவிட்டது. சுவர்ணலதா என்னைப் பார்த்த பார்வையில் அருவருப்பு இருந்தது, நான் சொல்வது பொய்யில்லை, அருவருப்புதான். "தெரியாமத் தட்டிட்டேன் சார், மன்னிச்சுக்குங்க" என்றேன். அதற்குள் அண்ணனுடைய கைகள் நின்றிருந்தன. டவுட்டனுக்கு ஒரு சுரம் முன்னால். அந்தச் சுரம் தனியாகக் கொஞ்ச நேரம் அரங்கில் நின்று அடங்கியது. அவன் கைகளை மடிக்கு எடுத்துக்கொண்டான். கைக்குட்டையால் கட்டைகளை ஒரு முறை துடைத்தான். எழுந்து, இரண்டு கையாலும் மூடியைப் பிடித்து, மெதுவாகச் சாத்தினான். மூன்றாம் பாகமும் நாலாம் பாகமும் அதற்குள்ளேயே இருந்துவிட்டன, இனி அவை வெளியே வரப்போவதில்லை. பிறகு பின்வரிசையில் யாரோ ஒருத்தர் தட்டினார், பிறகு எல்லாரும், நாற்காலிகள் படபடவென்று மடங்க அரங்கமே எழுந்து நின்றது. ஆராவமுதன் என் கையை விட்டுவிட்டுத் தலைக்குமேல் கையைத் தூக்கித் தட்டினார். "நிறுத்திட்டார் பாருங்கோ! பாதியில! இதுக்குமேல வாசிக்க என்ன இருக்குன்னு சாத்திட்டாரே!" என்று அழுதார். டேப்லெட் பையன் கை தட்டவில்லை. என்னைப் பார்த்தான். நான் உதட்டில் விரல் வைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான், பிறகு அவனும் தட்டினான்.

அண்ணன் கூட்டத்துக்கு வணக்கம் சொல்லவில்லை. மேடை விளிம்புவரை வந்து நின்று, கண்ணைச் சுருக்கி இருட்டுக்குள் தேடினான், என்னைக் கண்டதும் முகம் தெளிந்தது. கையை நீட்டினான். நான் படியேறினேன். நான் அவன் கையைப் பிடிக்கவில்லை, சத்தியமாக, அவன்தான் என் கையைப் பிடித்தான், பார்க்கிறவர்களுக்குத் தங்கையை மேடைக்கு அழைத்துக் கௌரவிக்கிறார் என்று தோன்றியிருக்கும், கைதட்டல் இன்னும் பலத்தது. உள்ளங்கை சில்லென்று இருந்தது, இவ்வளவு பெரிய கை, என் கைக்குள் அடங்கப் பார்த்தது. சபாரிக்காரர் பாட்டிலோடு வழிவிட்டு ஒதுங்கிக் கைகூப்பினார். திரையைத் தாண்டும்போது அண்ணன் என் பக்கம் குனிந்தான், அந்தச் சத்தத்திலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அம்மா கூப்பிட்டாங்களா?"

"ஆமாண்ணே. சோறு ஆறுதாம், வா."